கரம்பொன் கிடங்கில் வெட்டுப்பட்ட கேபிள்

1. செங்கல்

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் செங்கல் சூளை இல்லை. ஊர்காவற்றுறையிலும் கரம்பொன்னிலும் பழைய வீடுகள் கல்லும் சுண்ணாம்பும், புதிய வீடுகள் சீமெந்துக் கல். அங்கே நிலத்துக்குக் கீழே செங்கல் வரிசையாகக் கிடந்தால், யாரோ அதை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒரு காரணத்துக்காக அடுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இதை இன்றைக்கு ஒரு வரியில் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை என்று சொல்வது சரியில்லை. யோசிக்கவில்லை.

எண்பத்தெட்டாம் ஆண்டு, மாரி தொடங்குகிற நேரம். நான் நீர் வழங்கல் பகுதியில் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தேன். வேலணைக் கிணறுகளிலிருந்து ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் போகும் பழைய இரும்புக் குழாய் உப்பில் அரித்துப் பல இடங்களில் ஓட்டையாகியிருந்தது. பவுசர் லொறியில்தான் தண்ணீர் போனது. பவுசர் ஆமியின் சோதனைச் சென்றிகளைக் கடந்து போய்ச் சேர்வது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதம். சில நாட்களில் போகவே மாட்டாது. பிள்ளைப்பேற்று வாட்டில் ஒரு வாளித் தண்ணீரைப் பங்கிடுகிறார்கள் என்று ஆஸ்பத்திரி மேட்டன் எங்களிடமே வந்து சொல்லியிருந்தார். மழை பிடிக்குமுன் புதுக் குழாயின் கரம்பொன் துண்டை முடிக்கும்படி மேலிடம் நெருக்கியது. நெருக்கியதில் நியாயம் இருந்தது.

என்னோடு நான்கு பேர் வேலை செய்தார்கள். கங்காணி நல்லதம்பி புளியங்கூடலைச் சேர்ந்தவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். குழாய் பொருத்துகிறவர் சிவபாதம், புங்குடுதீவில் இறுப்பிட்டிக்காரர். அவருடைய மனைவியின் தம்பி கனகலிங்கமும், யோகராசா என்ற உள்ளூர்க்காரரும் குழாய் போடும் பள்ளத்தை, எங்கள் பேச்சில் கிடங்கை, வெட்டினார்கள்.

சிவபாதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாத்தறையில் தகப்பன் காலத்துக் கடையை நடத்தியவர். எண்பத்துமூன்று கலவரத்தில் கடையும் சாமானும் எரிந்தபின், மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அகதிக் கப்பலில் வந்து இறங்கினார். முப்பத்தேழு வயதில் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்து, தன்னைவிட இளையவர்களிடம் குழாய் வேலை பழகினார். அதில் அவருக்கு வெட்கம் இருக்கவில்லை. கடைக்காரருடைய துப்புரவு அவரை விட்டுப் போகவேயில்லை. ஒவ்வொரு குழாய் வாயையும் துணியால் துடைத்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பசை பூசுவார். ஏன் இவ்வளவு மினக்கெடுகிறீர் என்று ஒருநாள் கேட்டேன். "இதுக்குள்ளால போறதைத்தானே பிள்ளை பெத்தவள் குடிக்கப்போறாள்" என்றார்.

அன்று காலை பத்து மணி இருக்கும். மூன்றடி ஆழத்தில் நின்று இரும்பு அலவாங்கால் குத்திக்கொண்டிருந்த யோகராசா என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, இவ்வளவும் கல்லாயிருந்தது, இப்ப மணல் வருது. மணலுக்குக் கீழ செங்கல் நிரையாக் கிடக்கு."

நான் மேலே நின்றபடியே குனிந்து பார்த்தேன். "பழைய அத்திவாரமாக்கும். உடைச்சுக்கொண்டு போம்" என்றேன்.

தீவில் நான் கண்ட மின்சாரம் எல்லாம் தூணில்தான் போனது. அந்த இடத்தில் வீதியோரம் ஒரு ஆலமரம், அதன் கீழே ஒரு வைரவர். முன்னொரு காலத்தில் வயர் இழுக்க வந்தவர்கள் மரத்தை வெட்டக் கேட்டபோது ஊர்ச்சனம் சம்மதிக்கவில்லை. அதனால் மரத்தைத் தாண்டும் மட்டும் கேபிளை நிலத்துக்குக் கீழே இறக்கி, மணல் போட்டு, மேலே செங்கல் அடுக்கி மூடியிருந்தார்கள். இதெல்லாம் பிறகு அறிந்தது. யாழ்ப்பாண மின்சாரக் கந்தோரில் கேட்டிருந்தால் முதலே அறிந்திருப்பேன். யாழ்ப்பாணம் போய் வரைபடம் பார்த்து வர ஒரு நாள் வீணாகும் என்று போகாமல் விட்டேன். வரைபடம்கூட வேண்டியதில்லை. மரத்துக்கு இந்தப் பக்கத் தூணில் ஒரு இரும்புக் குழாய் வயரோடு கீழே இறங்கி நிலத்துக்குள் போனது. அந்தத் தூணில்தான் நான் நான்கு நாட்களாகச் சைக்கிளைச் சாத்தி வைத்தேன்.

யோகராசா இரண்டு செங்கல்லை உடைத்தார். மூன்றாவது குத்தில் கிடங்கிலிருந்து நீல வெளிச்சம் எழும்பியது. சத்தம் வெடிச் சத்தம் போலவே இருந்ததால் நாங்கள் எல்லோரும் நிலத்தில் விழுந்து படுத்தோம். அந்தக் காலத்தில் உடம்பு தானாகவே அப்படித்தான் செய்யும். வீதியில் கடைக் கதவுகள் சாத்தப்பட்டன. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கிப் பார்த்தபோது யோகராசா மண் கும்பியில் சாய்ந்து கிடந்தார். இரண்டு உள்ளங்கையும் வெந்து, புருவ மயிர் கருகியிருந்தது. அலவாங்கின் கூர் மெழுகு போல உருகியிருந்தது. "கண் தெரியேல்லை ஐயா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எதிரே வந்த தட்டிவானை மறித்து அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரண்டு நாளில் கண் தெரிந்தது. கை ஆற மாதக் கணக்கானது.

2. மில் சத்தம்

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் இந்தப் பகுதியைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

முதலில் எல்லோரையும் கிடங்கை விட்டு ஏற்றினேன். அது சரி. சந்தியடியில் இருந்த மாவரைக்கிற மில் நின்றுவிட்டது, தையல் கடை ரேடியோவும் நின்றுவிட்டது. ஆகவே டிரான்ஸ்போமரில் பியூஸ் போயிருக்கிறது, கேபிளில் கரண்ட் இல்லை என்று நினைத்தேன். அதுவும் அந்த நேரத்துக்குச் சரிதான். பிறகு நல்லதம்பியைக் கூப்பிட்டு, ஊர்காவற்றுறை மின்சாரக் கந்தோருக்குப் போய்ச் சொல்லச் சொன்னேன்.

"கேபிள் வெட்டுப்பட்டுப் போச்செண்டு சொல்லும். ஆரும் வந்து பாக்குமட்டும் கரண்ட் விடவேண்டாமெண்டு சொல்லும். கெதியாப் போம்."

கெதியாப் போம் என்று சொன்னதால் அவர் பெனியனோடு சைக்கிளில் ஏறி உழக்கினார். சட்டை வேலியில் தொங்கியது. அடையாள அட்டை சட்டைப் பையில் இருந்தது. அதை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. கந்தோருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சென்றி இருந்தது.

டிரான்ஸ்போமர் எங்களிடமிருந்து தொள்ளாயிரம் அடி தூரத்தில், சந்தியில் நின்றது. கனகலிங்கத்தை அதன் கீழே போய் நிற்கச் சொல்லியிருந்தால் போதும். யாராவது பியூஸ் போட வந்து அதில் ஏறினால், அண்ணை கொஞ்சம் பொறுங்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அது எனக்குத் தோன்றவில்லை. செய்தியை அனுப்பியதும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு ஆலமரத்தின் கீழ் இருந்தேன்.

ஒரு மணித்தியாலம் போனது. மழை தூறத் தொடங்கியது. கரம்பொன்னில் மூன்றடி வெட்டினாலே நிலம் ஈரம் கசியும். கிடங்கில் கணுக்கால் அளவுக்குக் கலங்கல் தண்ணீர் சேர்ந்தது. அன்று காலை பொருத்திய குழாயின் வாய் திறந்தபடி கிடந்தது. சிவபாதம் கிடங்கின் விளிம்பில் குந்தியிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி என்னிடம் வந்தார்.

"தண்ணி ஏறுது ஓவசியர். குழாய்க்குள்ள சேறு போனால் முழுக்கக் கழட்டித்தான் கழுவவேணும். வாயைச் சாக்கால அடைச்சுப்போட்டு ஏறுறன்."

கங்காணி வரட்டுமே என்றேன். கரண்ட்தான் நின்றுவிட்டதே, மில்லும் ஓடவில்லையே என்றார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். நல்லதம்பி போய் வெகுநேரம் ஆகியிருந்தது. இந்நேரம் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.

"சரி. கேபிள் பக்கம் போகாதேயும்" என்றேன்.

சிவபாதம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினார். சாக்கைச் சுருட்டிக் குழாய் வாயில் திணித்து, கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். வேலை முடிந்தது. ஏறுவதற்காகத் திரும்பி, கிடங்குச் சுவரில் கையை வைத்தார்.

அப்போது சந்திப் பக்கம் மில் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தின் அர்த்தம் எனக்கு உடனே விளங்கியது. நான் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனா இல்லையா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. கூப்பிட்டிருந்தாலும் நேரம் இருக்கவில்லை. சிவபாதம் சத்தம் போடவில்லை. முழங்கால் மடங்கித் தண்ணீருக்குள் சரிந்தார்.

கனகலிங்கம் குதிக்க ஓடினார். நான் பின்னால் பாய்ந்து அவருடைய இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். என்னைவிடப் பலசாலி அவர். இருவரும் சேற்றில் விழுந்தோம். நான் பிடியை விடவில்லை.

"விடும் ஓவசியர். அத்தான் கிடக்கிறார். விடும்."

அவர் என் முகத்தில் அடித்தார், கையைக் கடித்தார். தையல் கடைக்காரர் வெளியே ஓடி வந்தார். சந்திக்கு ஓடிப்போய்க் கரண்டை நிற்பாட்டச் சொல்லும்படி அவரைப் பார்த்துக் கத்தினேன். அவர் ஓடினார். எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கனகலிங்கம் அழுதுகொண்டு என்னைத் திட்டினார். சிவபாதத்தின் முதுகு தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

மில் சத்தம் நின்றது. அப்போதும் நான் விடவில்லை. மின்சாரக் கந்தோர் லைன்மன் மூன்று பியூஸையும் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, கழட்டிப்போட்டன் என்று சொன்ன பிறகுதான் கையை எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் பார்த்துவிட்டு, விழும்போதே உயிர் போயிருக்கும், இறங்கியிருந்தால் இன்னொரு உயிரும் போயிருக்கும் என்று கனகலிங்கத்திடம் சொன்னார். கனகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். என்னைப் பார்க்கவில்லை. அதன்பின் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று நான் செய்தவற்றில் முழுக்கச் சரியான காரியம் அவரைப் பிடித்து வைத்திருந்ததுதான்.

நல்லதம்பி பின்னேரம் மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். அடையாள அட்டை இல்லையென்று சென்றியில் மறித்து, வேலியைப் பார்க்கத் திருப்பி இருத்திவிட்டார்கள். கேபிள், கரண்ட் என்று தனக்குத் தெரிந்த மாதிரி எல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறார். அவர்களுக்குத் தமிழ் விளங்கவில்லை.

3. அறிக்கை

இரண்டாம் நாள் மேலதிகாரி வந்தார். கிடங்கைப் பார்த்தார், என்னிடம் விபரம் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல. எனக்கு இரண்டு பிள்ளைகள் என்பதும் அவருக்குத் தெரியும். ஜீப்பில் ஏறுமுன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அனுமதி இல்லாமல் இறங்கினவர் எண்டு எழுதிவிடும். போன ஆளை ஒண்டும் செய்யேலாது. நீர் இருக்கிறீர்."

அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம்கூட வரவில்லை.

ஐந்தாம் நாள் லைன்மன் துரைசிங்கம் என் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றே சொன்னார். மில்லுக்காரர் மோட்டார்சைக்கிளில் கந்தோருக்கு வந்து, சனம் அரிசியோடும் மிளகாயோடும் காத்து நிற்கிறது என்று கரைச்சல் குடுத்தாராம். அந்த நாட்களில் பியூஸ் போவது புதினமில்லை. இவரும் வெளிக்கிட்டு வந்தார். சரியான பியூஸ் கம்பி கையிருப்பில் இல்லை. அடிக்கடி ஓடிவர ஏலாது என்று கொஞ்சம் தடித்த கம்பியாகப் போட்டார்.

"மெல்லிசுக் கம்பி எண்டால் போட்ட உடனேயே திரும்பிப் போயிருக்கும். நான் எழுதிக் குடுத்துட்டன், தடிச்ச கம்பிதான் போட்டனான் எண்டு" என்றார்.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். சென்றியைக் கடக்கும்போது, பெனியனோடு ஒரு வயதானவர் வேலியைப் பார்த்தபடி இருந்ததைக் கண்டாராம். யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். அது ஆரெண்டு எனக்குத் தெரியாது ஓவசியர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். நான் எழுதியதைப் பற்றி அவரிடம் நான் வாயே திறக்கவில்லை.

எட்டுச் செலவுச் சடங்குக்கு நானும் நல்லதம்பியும் இறுப்பிட்டிக்குப் போனோம். சிவபாதத்தின் மனைவி பரமேஸ்வரி உள்ளே மற்றப் பெண்களோடு இருந்தா. கனகலிங்கம் என்னைக் கண்டதும் வளவின் பின்பக்கம் போய்விட்டார். சோறு போட்டார்கள், சாப்பிட்டேன் என்று பேர் பண்ணிவிட்டு எழும்பினேன். வெளிப் படலையடிக்கு வந்தபோது பரமேஸ்வரி பின்னால் வந்தா. குரலை உயர்த்தவில்லை.

"கந்தோரிலயிருந்து வந்தவை, அவர் தன்ர எண்ணத்துக்கு இறங்கினவர் எண்டு சொல்லிச்சினம். அவர் அப்பிடிச் சொல்லாமல் கொள்ளாமல் ஒண்டும் செய்யிற ஆள் இல்லை அண்ணை. உங்களிட்டக் கேட்டவரோ?"

நல்லதம்பி நிலத்தைப் பார்த்தார்.

"கேட்டவர்" என்றேன். "நான் ஓம் எண்டனான்."

பரமேஸ்வரி தலையை ஆட்டினா. என்னைத் திட்டுவா என்று நினைத்தேன். திட்டவில்லை. "அதுதான் கேட்டனான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டா. மூத்த மகள் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எவ்வளவு கேட்டாளோ தெரியாது.

மறுநாள் யாழ்ப்பாணம் போனேன். கந்தோரில் அறிக்கையைத் திருப்பிக் கேட்டபோது, உமக்கென்ன விசரோ என்றார் மேலதிகாரி. அது மேலே போய்விட்டது, திருப்ப ஏலாது என்றார். நான் புதிதாக ஒன்று எழுதினேன். வரைபடம் கேட்கவில்லை, செங்கல்லைக் கண்டும் வெட்டச் சொன்னேன், டிரான்ஸ்போமரில் ஆள் நிறுத்தவில்லை, கேட்ட ஆளுக்குச் சம்மதம் கொடுத்தேன் என்று வரிசையாக எழுதி, கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். விசாரணை நடந்தது. அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை ஓவசியராகவே இருந்தேன். பரமேஸ்வரிக்குச் சேரவேண்டியது சேர்ந்தது என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் அந்தக் குடும்பத்தோடு எனக்குத் தொடர்பு இல்லை. தொண்ணூறில் தீவுச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அவர்களும் எங்கோ போய்விட்டார்கள்.

4. வேலணையில் ஒரு காலை

அடுத்த வருடம் வேலணையில் பள்ளிக்கூடம் ஒன்றின் மதிலோரமாகக் கிடங்கு வெட்டினோம். இந்த முறை வரைபடம் கேட்டுத்தான் தொடங்கினேன். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதித் தந்திருந்தார்கள். இருந்தது. மண்வெட்டி கேபிளின் மேல்தோலைக் கிழித்தது. பொறி பறக்கவில்லை, சத்தமும் இல்லை. கறுப்புத் தோல் கிழிந்து உள்ளே செம்பு தெரிந்தது, அவ்வளவுதான்.

எல்லோரையும் ஏற்றினேன். மண்வெட்டியைக்கூட எடுக்க விடவில்லை, விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்றேன். கிடங்கைச் சுற்றி முப்பதடிக்குக் கயிறு கட்டினேன். அடையாள அட்டை இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு பேரை இரண்டு வழியால் கந்தோருக்கு அனுப்பினேன். இன்னொருவரை டிரான்ஸ்போமரின் கீழே நிறுத்தி, நான் வந்து சொல்லுமட்டும் அசையக்கூடாது என்றேன். பிறகு கயிற்றடியில் நானே நின்றேன்.

பள்ளிக்கூடத்தில் அன்று காலை முதலே கரண்ட் இல்லை, வீதியிலும் கரண்ட் இல்லை. அதிபர் வந்து பார்த்தார். அன்றைக்கு எங்களோடு வந்திருந்த இளம் எஞ்சினியர் பொறுமை இழந்துவிட்டார். அந்தத் துண்டுக்கு அன்று பின்னேரம் தண்ணீர் விடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"கரண்ட் இல்லையெண்டு தெரியுதுதானே. என்னத்துக்கு நிண்டுகொண்டிருக்கிறீர்?" என்று கேட்டார்.

இல்லையென்று சொல்ல வேண்டியவர் வந்து சொல்லட்டும் ஐயா என்றேன். அவர் கிடங்கை நோக்கி இரண்டு அடி வைத்தார். நான் குறுக்கே போய் நின்றேன். என் உத்தியோகத்துக்கு அது அதிகம். அவருடைய முகம் சிவந்தது. பிறகு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். வேலையாட்கள் மதிலில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, கரம்பொன் பயம் இன்னும் போகவில்லை என்று எனக்குக் கேட்கும்படியே கதைத்தார்கள். வெயில் ஏறியது. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நின்றேன்.

லைன்மன் வந்தார். வேறு ஆள், எனக்குப் பழக்கமில்லாதவர். எதையும் தொடுமுன் சோதனை விளக்கைப் பிடித்துப் பார்த்தார். மூன்று வயரில் இரண்டு செத்திருந்தன. மூன்றாவதில் விளக்கு எரிந்தது. பள்ளிக்கூடமும் வீதியும் அந்த இரண்டிலும்தான் இருந்திருக்கின்றன. மண்வெட்டி கிடந்த இடத்திலிருந்து அந்த மூன்றாவது வயர் ஒரு சாண் தூரம்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் போய்ப் பியூஸ்களைக் கழட்டினார். அவற்றைத் தரும்படி கேட்டேன். தந்தார். ஒட்டு வேலை முடிந்து, கிடங்கில் இறங்கிய கடைசி ஆள் ஏறும்வரை அவை என் காற்சட்டைப் பைக்குள் இருந்தன. இப்போது எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கரண்ட் நின்றுவிட்டது என்பதும், கரண்ட் திரும்பி வர ஏலாது என்பதும் இரண்டு வேறு விஷயம். இரண்டாவது உங்கள் கையில் இருந்தால் மட்டும் ஆளை இறக்குங்கள். அதுவரைக்கும் நில்லுங்கள். பயந்தவன் என்று சொல்வார்கள். சொல்லட்டும்.

பல வருடங்கள் கழித்து, வேலணையில் அன்று என்னோடு நின்ற வேலையாள் ஒருவரை வவுனியா பஸ் நிலையத்தில் கண்டேன். நல்லாய் நரைத்திருந்தார், பேரப்பிள்ளை ஒன்றைத் தோளில் வைத்திருந்தார். என்னை அடையாளம் கண்டு சிரித்தார். கரம்பொன் கதையை அவரே எடுத்தார். அன்றைக்கு அவர் அங்கே இல்லை, ஆனாலும் சிவபாதத்தின் பெயர், மில் சத்தம், நான் கனகலிங்கத்தைக் கட்டிப்பிடித்தது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

பள்ளிக்கூட மதிலடியில் கேபிள் கிழிந்த நாள் நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

அவர் பேரப்பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினார்.

"அங்க ஒண்டும் நடக்கேல்லையே ஐயா" என்றார்.